கசெற்றின் மற்றப் பக்கம்

உடப்பு,
16.01.1992

அன்புள்ள தம்பி பரமலிங்கத்துக்கு,

நான் சுகம். பொங்கலுக்கு வெடி கொளுத்த வேண்டாமென்று பொலிசார் சொல்லிவிட்டபடியால் காதுக்கும் சுகம். உன் இருமல் விட்டதா?

நீ அனுப்பிய கசெற் கிடைத்தது. உன் கம்பனி விடுதியில் சூடான்காரர் ஒருவர் ஊத் மீட்டுவதையும், பலூச்சி லொறிச் சாரதி ஒருவர் பாடுவதையும் நீயே பதிவு செய்திருக்கிறாய். கடையில் விற்காத, வானொலி போடாத பாட்டுகளைத் தேடிப் பிடிப்பதுதான் உன் வெள்ளிக்கிழமை வேலை என்று எழுதியிருந்தாய். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டேன். நன்றாக இருக்கிறது. நீ சொன்ன கண்ணீர் மட்டும் வரவில்லை. பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் நான்கு வருடம் பக்கத்து அறைப் பெண்கள் பாட்டுக்கு அழுவதைப் பார்த்து அலுத்தவள் நான்.

அப்படிப்பட்டவளுக்கு நடந்ததைக் கேள். போன திங்கட்கிழமை புத்தளம் கல்விக் கந்தோருக்குப் போய்த் தனியார் பஸ்சில் திரும்பினேன். முந்தல் சோதனைச் சாவடியில் வழக்கம்போல எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து ஏற்றினார்கள். பஸ் புறப்பட்டதும் சாரதி ஒரு கசெற்றைப் போட்டார். ஒரு பெண் பாடினாள். வாத்தியம் எதுவும் இல்லை; ஏதோ கோப்பையில் விரலால் தட்டுகிற சத்தம் மட்டும். பாட்டுக்குப் பின்னால் தறப்பாள் கூரை காற்றில் அடித்துக்கொள்கிறது. நடுவில் யாரோ "தண்ணி பவுசர் வந்திட்டு!" என்று கத்துகிறார்கள். அவள் நிறுத்தவில்லை.

கட்டிலுக்குக் காலில்ல, காத்துக்குக் கதவில்ல,
வாப்பா வரும் வரைக்கும் வாசலில விளக்கில்ல,
உறங்கடி சபூறா, உன்ன எழுப்ப ஆளில்ல.

தாலாட்டில் இப்படி ஒரு வரியை நான் கேட்டதில்லை. குரல் ஓரிடத்திலும் குழையவில்லை. சாமான் பட்டியல் வாசிப்பவளைப்போலப் பாடினாள். நிமிர்ந்து பார்த்தபோது பஸ் சிலாபத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. பத்துளு ஓயாச் சந்தியில் இறங்கவேண்டியவள், நாற்பத்தெட்டு வயதில், இறங்க மறந்துவிட்டேன்.

"டீச்சர், நித்திரையா?" என்று சாரதி சிரித்தார். "நானும் கண்ணாடியால பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். கண்ணு ரெண்டும் திறந்துதான் இரிந்திச்சி."

"அந்தப் பாட்டு யாருடையது?"

"அல்லாவுக்குத்தான் தெரியும். என்ட தம்பி பாயிஸ் கட்டாருக்குப் போகக்குள்ள ஒரு பேக்க விட்டுட்டுப் போயிட்டான். அதுக்குள்ள கெடந்த கெசட்டு. பேரும் இல்ல, ஊரும் இல்ல. மத்தப் பக்கம் நாடகம் மாதிரி என்னமோ கதைக்கிது. அத நான் போடுறல்ல."

அவர் பெயர் அத்தாஉல்லா, எத்தாளை ஆள். இரண்டு நாளைக்கு இரவல் தந்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டு கசெற் போடுகிற ரேடியோ இருக்கிறது. பாட்டுப் பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். எனக்கு என்ன வந்ததென்று நீ கேட்டுச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா,
இரஞ்சிதம்


தோஹா,
05.02.1992

என் பாசத்துக்குரிய அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உங்களுக்கு வந்திருக்கும் வருத்தம் எனக்கு இருபது வருடமாக இருக்கிறது, மருந்து கிடையாது. கடைசியில் உங்களுக்கும் தொற்றியதில் எனக்குப் பரம திருப்தி.

பகிடி போகட்டும். முதல் தரம் கேட்டபோது கையில் தேத்தண்ணீர் இருந்தது. பாட்டு முடிய அது ஆறிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை அறையில் எல்லாருக்கும் போட்டேன். சூடான்காரருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மூன்றுதரம் போடச் சொன்னார். பிறகு ஊத் வாத்தியத்தைப் பையில் வைத்துப் பூட்டிவிட்டு, "இதுக்குப் பிறகு நான் வாசிக்கக் கூடாது" என்றார். அன்று அவர் வாசிக்கவேயில்லை.

பதினான்கு பேர் பிரதி கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஒன்று சவூதிக்குப் போய்விட்டது.

இரண்டு கேள்வி. யார் இவள்? அடுத்தது, கடைசிப் பாட்டு முடிந்ததும் அவள் தொண்டையைச் செருமுகிறாள், உடனே பதிவு அறுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவள் ஏதாவது சொல்கிறாளா?

காற்று மழைக்குள் முன்சக்கரம் தேய்ந்த அந்தச் சைக்கிளில் திரியாதீர்கள்.
தம்பி,
பரமலிங்கம்


உடப்பு,
22.02.1992

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பதின்மூன்று நாளில் வந்தது. சுகமாய் இருக்கிறேன். சைக்கிளுக்குப் புது ரயர் போட்டாயிற்று.

பதினான்கு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க உனக்கு யார் அனுமதி தந்தது? எனக்கு யார் தந்தது என்று நீ திருப்பிக் கேட்கலாம். கேட்காதே, நாலு நாளாக அதையே நான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முகம் தெரியாத ஒரு பெண்ணின் குரலை இப்படிக் கடல் கடந்து கைமாற்றுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

தறப்பாளும் தண்ணீர் பவுசர் லொறியும் அகதி முகாமைத்தான் சொல்கின்றன. பாயிஸ் எத்தாளையிலிருந்து போனவர் என்றால், அங்கேயுள்ள மன்னார்ச் சனங்களின் முகாமாக இருக்கவேண்டும். என்னோடு ஆசிரியப் பயிற்சி எடுத்த மக்டலினை உனக்கு நினைவிருக்கும். அவள் இப்போது அந்த முகாமில் கொட்டில் போட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். விசாரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஆளைக் கண்டால், கேட்காமல் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. வலைகளில் மீன் குறைவு.
அக்கா


தோஹா,
09.03.1992

என் அன்பு அக்காவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் சுகம். சுகமென்றால் சாதாரண சுகம் இல்லை. இந்தக் கடிதத்தைக் கதிரையில் இருந்து வாசியுங்கள்.

போன வெள்ளி அறையில் பத்துப்பேர் இருந்தோம். கறி கொதிக்கிறது, கசெற் ஓடுகிறது. எங்கள் கம்பனித் தண்ணீர் லொறியில் வேலைசெய்கிற ஒருவர், தன்னிடம் மாறி வந்த என் கடிதத்தைத் தர வாசலுக்கு வந்தார். மன்னார்க்காரர், முத்தலிபு என்று பெயர். அதுவரை நான் அவரோடு கதைத்ததில்லை. கடிதத்தை நீட்டிய கை அப்படியே நின்றது.

"இது எங்கால?" என்றார்.

"அக்கா ஊரில இருந்து அனுப்பினவ. ஏன்?"

"இது என்ட பொண்டாட்டி."

அறையே சிரித்தது. "ஓம் ஓம், வீடியோவில வாற நடிகையும் உன்ட பொண்டாட்டிதான், உள்ள வா முத்தலிபு காக்கா" என்றான் ஒருவன். அவர் சிரிக்கவில்லை.

"பளீலாட குரல். பொறு, இப்ப என்ட மகள்ட பேர் வரும். சபூறா."

பெயர் வந்தது. யாரும் பிறகு சிரிக்கவில்லை.

அவர் நிலத்தில் இருந்துவிட்டார். பிள்ளைக்கு நாலு மாதமாக இருக்கும்போது வந்தவராம். தொண்ணூறில் தமிழ் இயக்கம் முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரைவிட்டுக் கலைத்ததும், மனைவி தோணியில் எத்தாளைக்குப் போய்ச் சேர்ந்ததும், இங்கே இருந்து பத்திரிகை வாசித்துத் தெரிந்துகொண்டாராம். கசெற் பாயிஸின் பையிலிருந்து வந்த கதையைச் சொன்னேன்.

"பாயிஸ் எண்டு ஒருத்தன் வந்தான். எல்லாரும் சுகம், ஒண்டும் தந்துவிடேல்ல எண்டான். கள்ளன்! கெசட்ட விட்டுட்டு வந்திட்டுப் பொய் சொல்லியிரிக்கான்." கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எழுப்ப ஆளில்லையாம்! அவ நித்திரைக்குப் போனா பீரங்கி வெடிச்சாலும் எழும்ப மாட்டா. நாலு மாசத்திலயே அப்பிடித்தான்."

மார்கழியில் பிள்ளைக்குச் சட்டை அனுப்பினாராம். பதில் இல்லையாம். மனைவிக்குக் கோபம் என்று நினைத்திருந்தாராம். இப்போது சப்பாத்து வாங்கப்போகிறார். இரண்டு வயதுப் பிள்ளையின் பாதம் எவ்வளவு இருக்குமென்று, பிள்ளை பெற்ற ஒவ்வொருவனிடமும் தன் உள்ளங்கையை நீட்டி அளவு கேட்டார்.

அக்கா, நீங்கள் பஸ்சில் இறங்க மறந்ததால் இந்த மனிதனின் முகம் இப்படி ஆகியிருக்கிறது. இனியாவது பாட்டைச் சந்தேகப்படாதீர்கள்.

உங்கள் தம்பி,
பரமு


உடப்பு,
11.03.1992

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மக்டலினோடு எத்தாளைக்குப் போனேன். பாடிய பெண்ணை அவள் கண்டுபிடித்திருந்தாள். பெயர் பளீலா. இருபத்தைந்து வயது இருக்கலாம். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. கொட்டில் வாசலில் இருந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தாள்.

"நீங்க எந்த ஊரு?"

"உடப்பு."

"தமிழாக்களா?"

"ஓம்" என்றேன். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்து அரியத் தொடங்கினாள். இரண்டு மணித்தியாலத்தில் வீட்டை விட்டுப் போ என்று கலைக்கப்பட்டவளிடம், கலைத்தவர்களின் இனத்தவளான நான் எதைச் சொல்வது? நேரே பாட்டுக்கு வந்தேன். உங்கள் தாலாட்டைக் கேட்டேன், மிக நன்றாக இருந்தது என்றேன். இதை எழுதக் கூசுகிறது. நன்றாக இருந்தது என்றேன்.

"அத நீங்க எங்க கேட்டீங்க?"

"பஸ்சில்."

அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அது பாட்டு இல்ல டீச்சர். அது கடிதம். எனக்கு எழுதத் தெரியா. இங்க எல்லாப் பொண்டுகளும் கெசட்டுலதான் கதைச்சி அனுப்புற."

பரமு, அந்தப் பிள்ளை சபூறா உயிரோடு இல்லை. போன ஐப்பசியில் முகாமில் வயிற்றோட்டம் வந்து மூன்று நாளில் முடிந்துவிட்டது. கணவர் முத்தலிபு கட்டாரில்.

"மௌத்தான செய்தியப் பிறத்தியாள்ட கையால எழுத எனக்கு மனமில்ல. ஊராக்களையும் எழுத வேணாமெண்டேன். கெசட்டுல எடுத்த எடுப்பில சொல்லவும் வாய் வரல்ல. அதனால ஒரு பக்கம் புள்ளைக்குப் பாடினதப் பாடினேன். முடியக்குள்ள, மத்தப் பக்கம் திருப்பிப் போடுங்க, விசயம் அங்க இரிக்கி எண்டு சொன்னேன். பாயிஸ்ட கையில குடுத்தேன். அவரு கேட்டிட்டாரு. கேட்ட பொறகும் மார்கழியில புள்ளைக்கிச் சட்டை அனுப்பியிரிக்காரு. செத்த புள்ளைக்கி! அவர என்னெண்டு சொல்ற? அதுக்குப் பொறகு நான் பதில் போடல்ல."

அவள் அழவில்லை. பாட்டில் இருந்த அதே குரல்.

கசெற் அவரிடம் போகவே இல்லை, மாதக்கணக்காகப் புத்தளம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதை அவளுக்குச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

பதிவு ஏன் அறுந்தது என்று நீ கேட்டாய். நான் பதில் எழுதவில்லை. அந்த வசனம் இருந்தது. நான் கேட்டேன். பாட்டு முடிந்த பிறகு இந்தப் பேச்சு எதற்கு, துப்புரவாக முடியட்டும் என்று நான்தான் விசையை அழுத்தி நிறுத்தினேன். விடைத்தாளில் தேவையில்லாத வரியை வெட்டுகிறமாதிரி. அந்த வசனத்தை மதித்து ஒருதரம் திருப்பிப் போட்டிருந்தால் தை மாதமே தெரிந்திருக்கும்.

மற்றப் பக்கத்தை அத்தாஉல்லாவிடமிருந்து வாங்கப்போகிறேன். முத்தலிபு என்ற மன்னார்க்காரர் அங்கே எங்கே இருக்கிறார் என்று தேடு.

அக்கா


உடப்பு,
24.03.1992

தம்பிக்கு,

உன் ஒன்பதாந் திகதிக் கடிதம் இன்று வந்தது.

அவரைச் சப்பாத்து வாங்க விடாதே.

அத்தாஉல்லா கசெற்றைத் தந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் பஸ் படியிலேயே தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். "நாடகம் எண்டுல்ல டீச்சர் நினைச்சேன். எத்தன சனத்த ஏத்தி, எத்தன தரம் போட்டேன்..." இப்போது அந்தப் பஸ்சில் பாட்டே இல்லை.

மூலக் கசெற்றையே பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சரியான பக்கம்தானா என்று பார்க்க ஒரு வசனம் கேட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன். அது எனக்கு வந்த கடிதம் இல்லை. நீயும் கேளாதே.

அக்கா


தோஹா,
28.03.1992

அக்காவுக்கு,

உங்கள் பதினோராந் திகதிக் கடிதம் மூன்று நாளுக்கு முன் வந்தது. என் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கும். இரண்டும் எங்கேயோ ஆகாயத்தில் ஒன்றையொன்று தாண்டிப்போயிருக்கின்றன.

முத்தலிபுவிடம் நான் இன்னும் சொல்லவில்லை அக்கா. சொல்ல முயன்றேன். பின்னேரம் வேலை முடிந்ததும் தினமும் என் அறைக்கு வருகிறார். கைகால் கழுவி, தொழுதுவிட்டு, பாட்டை ஒரே ஒருதரம் கேட்கிறார். நேற்று, "பரமு, உங்கட அக்காவுக்கு நான் என்ன செய்யோணும் சொல்லுங்க" என்றார். சப்பாத்து வாங்கியாயிற்று. சிவப்பு. என் அலுமாரியில்தான் பத்திரமாக வைத்திருக்கிறார், தன் அறையில் களவு போய்விடுமாம்.

அறையில் எல்லாருக்கும் நான் சொல்லிவிட்டேன். இப்போது அவர் வந்தால் பத்துப்பேரும் நிலத்தைப் பார்க்கிறோம். பாயிஸைத் தேடிப் பிடித்தேன். "பை மறந்திட்டுது எண்டு சொல்ல வெக்கமா இரிந்திச்சி, வேற கெசட்டு வரும்தானே எண்டு விட்டுட்டேன்" என்று அழுகிறான். அடிக்கப் போன கையை மடக்கிக்கொண்டேன்.

பாட்டுப் பித்தில் பெருமை பேசியவன் நான். என்ன செய்யட்டும்?

தம்பி


உடப்பு,
12.04.1992

அன்புள்ள தம்பிக்கு,

வாயால் சொல்லாதே. அது பளீலாவின் சொல்.

திரும்பவும் எத்தாளைக்குப் போனேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். பை, பஸ், உன் அறை, நான் வெட்டிய வசனம், சிவப்புச் சப்பாத்து. அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்துப் போனேன். நான் சொன்னவற்றில் அவள் ஒன்றை மட்டும்தான் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, தெரியாமத்தான் சட்டை அனுப்பினாரா?"

"ஓம்."

"கேக்கவே இல்லையா?"

"இல்லை."

உள்ளே போனாள். அரிசிச் சாக்குக்கு அடியில் திணித்து வைத்திருந்த சட்டையை எடுத்துவந்தாள். கடதாசியும் பிரிக்கப்படவில்லை. மடியில் வைத்துக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். "நான் அந்த மனுசன நாலு மாசமா நெஞ்சுக்குள்ள ஏசிக்கிட்டு இரிக்கேன், டீச்சர்" என்றாள். பிறகு, "யாரும் சொல்ல வேணாம். என்ட வாயால கேக்கட்டும்" என்றாள்.

கசெற் வந்ததும் அவரிடம் கொடு. ரேடியோவையும் கொடு. எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போ. கதவுக்குக் கிட்ட நில், ஆனால் கேட்காத தூரத்தில்.

அக்கா


தோஹா,
02.05.1992

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுத இன்று மனம் வரவில்லை. இருந்தாலும் சுகமாயிருங்கள்.

போன கிழமை, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் கொடுத்தேன். "வீட்டிலிருந்து வந்தது, மற்றப் பக்கத்தையும் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னேன். "ரெண்டு பக்கமுமா!" என்று சிரித்துக்கொண்டு வாங்கினார்.

நாங்கள் பத்துப்பேரும் வெயிலில் மதிலோரம் நின்றோம். முதல் பக்கம் அரை மணித்தியாலம். பிறகு அவர் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். சூடான்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அசர்த் தொழுகைக்கு அழைக்கிற நேரம் கதவு திறந்தது. முகத்தைக் கழுவியிருந்தார்.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?" என்றார்.

பத்துப்பேரும் நிலத்தைப் பார்த்தோம்.

"அதுதான் ஒருத்தனும் என்ட முகத்தப் பாக்கல்ல" என்றார். பிறகு என் அலுமாரியைத் திறந்து சப்பாத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து வெறுங் கசெற் ஒன்று கேட்டார். இங்கே வழக்கம், வந்த கசெற்றிலேயே பதிலையும் பதிந்து அனுப்புவது. அவர் அதைச் செய்யவில்லை. "இதில எந்தப் பக்கத்த நான் அழிக்க?" என்று கேட்டார். புதிதாய் ஒன்று கொடுத்தேன். தனியே இருந்து பதிந்தார்.

பதினான்கு பிரதியையும் திருப்பி வாங்கவா என்று கேட்டேன். "பாட்டு இரிக்கட்டும். மகள்ட பேர் அதில இரிக்கு" என்றார்.

அவருடைய கசெற்றை இத்துடன் அனுப்புகிறேன். யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள். நீங்களே கொண்டுபோங்கள்.

தம்பி,
பரமலிங்கம்


உடப்பு,
26.05.1992

அன்புள்ள தம்பிக்கு,

கசெற் பழுதில்லாமல் வந்தது. நானும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதிபரிடம் எழுத்தில் கேட்டுப் பள்ளிக்கூட ரேடியோவை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை எத்தாளைக்குப் போனேன். அத்தாஉல்லா வேறொருவரிடம் பஸ்சைக் கொடுத்துவிட்டு, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கூட வந்தார். கொட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. தண்ணீர்த் தாங்கியடியில் நின்றுவிட்டார்.

பளீலா கசெற்றை இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளே போகமுன் திரும்பி, "அங்க வேற ஆக்களும் கேட்டாங்க எண்டீங்களே. அவங்களுக்குப் பேர் தெரியுமா?" என்று கேட்டாள்.

"உங்கள் பெயரா?"

"புள்ளைட பேரு."

"தெரியும்" என்றேன். "தமிழ் தெரியாதவர்களுக்கும் அந்தச் சொல் மட்டும் தெரியும்."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் வெளியே வெங்காயச் சாக்கின் மேல் இருந்தேன். கேட்காத தூரத்தில் நில் என்று உனக்கு எழுதியவள்தான். ஆனால் முகாமில் கேட்காத தூரம் என்று ஒன்று இல்லை, பரமு. ஓலைதான் சுவர். பிறகு ஒரு ஆண் குரல் பாடத் தொடங்கியது. அவளுடைய பாட்டைத்தான். இராகம் சேரவில்லை. இரண்டாம் வரியை மறந்து, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். அந்தக் கடைசி வரிக்கு வரும்போதெல்லாம் நிறுத்திவிடுவார். நான் எழுந்து தாங்கியடிக்கு நடந்தேன். அங்கேயும் கேட்டது. அத்தாஉல்லா லேஞ்சித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

பாட்டு நின்றது. கசெற் முடிந்து விசை எழும்புகிற "டக்" சத்தமும் கேட்டது. காத்திருந்தோம். மற்றப் பக்கம் தொடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். நான் கொட்டிலை நோக்கிப் பாதித் தூரம் நடந்துவிட்டேன்.

"டீச்சர், நீங்க வந்து திருப்பிப் போட்டுத் தாங்க. என்ட கையால ஏலாது."

உள்ளே பாயில் சட்டை விரித்திருந்தது. நான் கசெற்றை எடுத்து, திருப்பிப் போட்டு, விசையை அழுத்தினேன். சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, அவர் பேசத் தொடங்குமுன் வெளியே வந்தேன்.

அக்கா,
இரஞ்சிதம்